"வலிக்கலீங்களே, அப்புறம் பார்த்துக்கலாம்!" - மார்பக கட்டியை மறைத்து உயிருக்கு ஆபத்தை தேடிக்கொள்ளும் பெண்கள்

ஈரோடு:

"மாருல சின்னதா ஒரு கட்டி தட்டுப்படுதுங்க. ஆனா வலியே இல்ல. அதனால அப்படியே விட்டுட்டேன்."

புற்றுநோய் டாக்டர்கள் அடிக்கடி கேட்டு அலுத்துப்போன வார்த்தை இது. தறி ஓட்டும் பெண்ணும் இதைத்தான் சொல்கிறார். படித்து வேலைக்கு போகும் பெண்ணும் இதைத்தான் சொல்கிறார். ஆறு மாதம், ஒரு வருடம் என்று தள்ளிப்போட்டு, கட்டி பெரிதாகி, தோல் வெடித்து புண் ஆன பிறகுதான் பலர் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கிறார்கள்.

முன்பெல்லாம் நம் நாட்டு பெண்களை அதிகம் தாக்கியது கர்ப்பப்பை வாய் புற்றுநோய். இப்போது மார்பக புற்றுநோய் முதல் இடத்துக்கு வந்து விட்டது. 2022-ம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் சுமார் 1 லட்சத்து 92 ஆயிரம் பேருக்கு புதிதாக இந்த நோய் கண்டுபிடிக்கப்பட்டதாக உலக அளவிலான புற்றுநோய் கணக்கெடுப்பு சொல்கிறது. அதாவது ஒரு நாளைக்கு 500 பேருக்கு மேல். அதே ஆண்டில் இறந்தவர்கள் சுமார் 98 ஆயிரம் பேர்.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். அமெரிக்காவில் அதே ஆண்டு 2 லட்சத்து 70 ஆயிரத்துக்கும் அதிகமானோருக்கு இந்த நோய் வந்தது. அங்கே இறந்தவர்கள் சுமார் 43 ஆயிரம் பேர். நோய் வந்தவர்கள் அங்கே அதிகம். செத்தவர்கள் இங்கே இரண்டு மடங்கு! அங்கே மருத்துவ வசதி அதிகம் என்பது ஒரு காரணம். ஆனால் அதை விட பெரிய காரணம், இங்கே நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் நோய் முற்றிய நிலையில் வருவதுதான்.

வலிக்காமல் வளரும்

ஏன் லேட்டாக வருகிறார்கள்? காசு இல்லை, லீவு இல்லை, கூச்சம், பயம் எல்லாம் உண்டு. ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பது "வலி இல்லை" என்ற அந்த ஒரு எண்ணம்தான்.

நமக்கு நோய் என்றால் வலிக்க வேண்டும். பல் வலித்தால் டாக்டரிடம் ஓடுகிறோம். வயிறு வலித்தால் மாத்திரை வாங்குகிறோம். மார்பக புற்றுநோய் அப்படி அல்ல. மார்புக்குள் பால் வரும் மெல்லிய குழாய்களின் உள்பக்கத்தில்தான் பெரும்பாலும் இது தொடங்குகிறது. ஒரு செல் தறிகெட்டு இரண்டாகி, நான்காகி மெல்ல மெல்ல பெருகுகிறது. கையில் தட்டுப்படும் அளவுக்கு வளரவே பல வருடங்கள் ஆகலாம். அந்த வருடங்களில் அது பெரும்பாலும் எந்த நரம்பையும் அழுத்துவதில்லை. அதனால் வலிப்பதும் இல்லை.

மாதவிலக்குக்கு முன்னால் இரண்டு மார்பும் கனத்து, விண் விண் என்று வலிக்கிறதே, அது ஹார்மோன் செய்யும் வேலை. பெரும்பாலும் ஆபத்து இல்லாதது. அந்த வலிக்கு பயந்து அழும் பெண்கள், சுண்டைக்காய் அளவுக்கு வலியில்லாமல் உட்கார்ந்திருக்கும் கட்டியை கண்டுகொள்ளாமல் விடுவதுதான் கொடுமை. அதற்காக வலிக்கிற கட்டி என்றால் புற்றுநோய் இல்லை என்றும் அர்த்தம் இல்லை. வலிக்குதோ வலிக்கலையோ, புதிதாக கட்டி வந்தால் காட்டியே ஆக வேண்டும்.

இதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. மார்பில் தட்டுப்படும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோயே இல்லை. இளம் பெண்களுக்கு வருவது அதிகம் நார்க்கட்டி. விரலால் பிடித்தால் நழுவி நழுவி ஓடும். சிலருக்கு நீர் கோர்த்த கட்டி. பால் கொடுக்கும் தாய்மார்களுக்கு பால் கட்டி வீங்குவதும் சகஜம். ஆனால் எது நார்க்கட்டி, எது புற்று கட்டி என்பதை பக்கத்து வீட்டு அக்கா தொட்டு பார்த்து சொல்ல முடியாது. பால் கட்டு என்று நினைத்தது சிகிச்சை எடுத்தும் இரண்டு வாரத்தில் கரையவில்லை என்றால் கட்டாயம் ஸ்கேன் எடுக்க வேண்டும். கைக்குழந்தைக்காரிக்கு புற்றுநோய் வராது என்று சட்டம் எதுவும் இல்லை.

மஞ்சள் பத்து போட்டால் கரையுமா?

நம்ம ஈரோடு மஞ்சளுக்கு உலகம் பூரா பேர் உண்டு. 2019-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதற்காக மார்பில் வந்த புற்று கட்டிக்கும் மஞ்சளை அரைத்து பத்து போட்டால் கரைந்து விடும் என்று நம்புவது சரியா?

கரையாது. மஞ்சளில் உள்ள சத்தை வைத்து சோதனை கூடங்களில் ஆராய்ச்சிகள் நடந்திருக்கின்றன. அது வேறு. மேலே பூசிய மஞ்சளால் உள்ளே இருக்கும் கட்டி குணமானதாக எந்த நிரூபணமும் இல்லை. பத்து போடும் அந்த மூன்று மாதம், நாட்டு மருந்து குடிக்கும் அடுத்த மூன்று மாதம் என்று போகிற காலம்தான் உயிரை வாங்குகிறது. மார்போடு நிற்கும் நோய் அந்த இடைவெளியில் அக்குள் நெறிக்கும், அங்கிருந்து எலும்பு, நுரையீரல், கல்லீரலுக்கும் போய் விடலாம்.

மஞ்சளை குழம்பில் போடுங்கள். கட்டிக்கு டாக்டரை பாருங்கள்.

"எங்க வம்சத்துல யாருக்கும் இல்லீங்க"

அடுத்து அதிகம் கேட்கும் வசனம் இது. அம்மாவுக்கு இல்லை, பாட்டிக்கு இல்லை, எனக்கு எப்படி வரும் என்கிறார்கள்.

உண்மை என்ன? மார்பக புற்றுநோய் வரும் 100 பேரில் பரம்பரையாக வந்த மரபணு கோளாறால் வருவது 5 முதல் 10 பேருக்குத்தான். மற்றவர்களில் பெரும்பாலானோர் குடும்பத்தில் முதல் ஆளாகவே இந்த நோயை சந்திக்கிறார்கள். பெண்ணாக பிறந்ததும், 40 வயதை தாண்டியதும் தவிர வேறு எந்த குறிப்பான காரணமும் இல்லாமல்தான் சுமார் பாதி பேருக்கு வருகிறது என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது.

2013-ல் ஹாலிவுட் நடிகை ஏஞ்சலினா ஜோலி நோய் வரும் முன்பே இரண்டு மார்பகங்களிலும் ஆபரேஷன் செய்து கொண்டது நினைவிருக்கலாம். அவருக்கு பி.ஆர்.சி.ஏ.1 என்ற மரபணுவில் கோளாறு இருந்தது. தாயாரையும் புற்றுநோய்க்கு பறிகொடுத்தவர். அதனால் டாக்டர்களிடம் ஆலோசித்து அந்த முடிவை எடுத்தார். அந்த செய்தியை படித்து விட்டு எல்லோரும் பயப்பட தேவை இல்லை. அம்மா, அக்கா, தங்கை, சித்தி என்று நெருங்கிய ரத்த சொந்தத்தில் இரண்டு, மூன்று பேருக்கு வந்திருந்தாலோ, இளம் வயதிலேயே வந்திருந்தாலோ டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அப்பா வழி அத்தை, பாட்டிக்கு வந்திருந்தாலும் கணக்கில் சேரும். இது பலருக்கு தெரிவதில்லை.

வயது விஷயத்திலும் தவறான எண்ணம் இருக்கிறது. மேலை நாடுகளை விட இந்திய பெண்களுக்கு சுமார் 10 ஆண்டுகள் முன்னதாகவே இந்த நோய் வருகிறது. 40, 50 வயதில், பிள்ளைகள் படித்து கொண்டிருக்கும் நேரத்தில் தாய்க்கு வருகிறது. நடிகை கவுதமிக்கு இந்த நோய் கண்டுபிடிக்கப்பட்டபோது அவருக்கு வயது 35. சிகிச்சை எடுத்து மீண்டு வந்து, இன்று மற்ற நோயாளிகளுக்கு தைரியம் சொல்கிறார்.

உண்மையான காரணங்கள்

12 வயதுக்கு முன்பே பருவம் அடைவது, 55 வயதுக்கு மேலும் மாதவிலக்கு நிற்காமல் இருப்பது, 30 வயதுக்கு மேல் முதல் குழந்தை, குழந்தையே இல்லாமை ஆகியவை ஆபத்தை ஓரளவு கூட்டும். ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் உடலில் நீண்ட காலம் வேலை செய்வதுதான் இதற்கெல்லாம் அடிப்படை. மாதவிலக்கு நின்ற பிறகு உடம்பு போடுவதும் ஆபத்து. அந்த வயதில் ஈஸ்ட்ரோஜன் உற்பத்தி ஆவது கொழுப்பில்தான். உடல் உழைப்பு இல்லாமை, மது, டாக்டரை கேட்காமல் ஹார்மோன் மாத்திரை சாப்பிடுவது இவையும் பட்டியலில் உண்டு.

"மூணு புள்ளைக்கு பால் கொடுத்தேன், எனக்கு வராது" என்பவர்கள் கவனிக்க வேண்டும். பால் கொடுப்பது நல்லதுதான். மொத்தம் 12 மாதம் பால் கொடுத்தால் ஆபத்து 4 சதவீதத்துக்கு கொஞ்சம் மேல் குறைகிறது என்று பல நாட்டு பெண்களின் விவரங்களை சேர்த்து ஆராய்ந்து 2002-ல் கண்டுபிடித்தார்கள். குறைகிறது, அவ்வளவுதான். அடியோடு ஒழிவதில்லை.

கருப்பு பிரா போட்டால் வரும், இறுக்கமாக போட்டால் வரும், ஜாக்கெட்டுக்குள் பர்சும் செல்போனும் வைத்தால் வரும், சென்ட் அடித்தால் வரும் என்று சொல்வதற்கெல்லாம் ஆதாரம் இல்லை. குழந்தை முட்டியதால், பஸ் கம்பியில் இடித்ததால் புற்று வந்தது என்பார்கள். இடிபட்டதும் அந்த இடத்தை தடவி பார்க்கிறார்கள். ஏற்கனவே இருந்த கட்டி அப்போதுதான் கையில் தட்டுப்படுகிறது. பழி பஸ் கம்பி மேல் விழுகிறது!

தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று நோயாளிக்கு தனி தட்டு, தனி டம்ளர் வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி டாக்டர் சாந்தா 1955-ல் அங்கே சேர்ந்தவர். 2021-ல் இறக்கும் வரை புற்று நோயாளிகள் மத்தியிலேயே வாழ்ந்தார். 93 வயது வரை இருந்தார். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

ஊசி குத்தினால் பரவுமா?

கிராமம், டவுன் வித்தியாசம் இல்லாமல் எல்லோரிடமும் இருக்கும் பெரிய பயம் இதுதான். "கட்டியில கத்தி பட்டா, ஊசி பட்டா உடம்பு பூரா பரவிடும்" என்று சொல்லி, ஆஸ்பத்திரியில் இருந்து பாதியில் எழுந்து போகிறவர்கள் உண்டு.

கட்டியில் ஊசி செலுத்தி துளி சதையை எடுத்து பார்க்கும் பரிசோதனைக்கு பயாப்சி என்று பெயர். மரத்து போக ஊசி போட்டு விட்டுத்தான் எடுப்பார்கள். இதனால் நோய் பரவுவது இல்லை. பரிசோதனைக்கு பயந்து ஓடி, மாதங்கள் கழித்து திரும்பி வரும்போது நோய் பரவி இருக்கிறது. ஊர் என்ன சொல்கிறது? "ஊசி போட்டாங்க, பரவிடுச்சு" என்கிறது.

பயாப்சி வெறும் "ஆமாம், இல்லை" சொல்லும் டெஸ்ட் மட்டும் அல்ல. அந்த கட்டி ஹார்மோனால் வளர்கிறதா, ஹெர்-2 என்ற புரதம் அதில் அதிகமா என்பதையும் அது காட்டும். எந்த மருந்து வேலை செய்யும் என்பதே அதை வைத்துத்தான் முடிவாகிறது. ஹார்மோனால் வளரும் கட்டி என்றால் சிகிச்சைக்கு பிறகு 5 முதல் 10 ஆண்டுகள் வரை தினமும் மாத்திரை சாப்பிட வேண்டி இருக்கும். உடம்பு நன்றாக இருக்கிறது என்று நடுவில் நிறுத்தக்கூடாது.

இன்னொரு தப்பும் நடக்கிறது. பயாப்சி எதுவும் பார்க்காமல், அவசர அவசரமாக "கட்டியை எடுத்து போட்டுடுங்க" என்று சின்ன கிளினிக்கில் போய் எடுத்து விடுகிறார்கள். எடுத்த கட்டி குப்பைக்கு போகிறது. அது என்ன கட்டி என்றே தெரியாது. ஒரு வருடம் கழித்து அதே இடத்தில் மறுபடியும் வரும்போதுதான் விபரீதம் புரிகிறது. யார், எங்கே எந்த கட்டியை எடுத்தாலும் அதை பரிசோதனைக்கு அனுப்பினார்களா என்று கேளுங்கள். ரிப்போர்ட்டை கையில் வாங்குங்கள். கேட்பது உங்கள் உரிமை.

மார்பையே எடுத்து விடுவார்கள் என்ற பயமும் பல பேரை வீட்டிலேயே முடக்குகிறது. கட்டி சின்னதாக இருக்கும்போது வந்தால், கட்டியையும் அதை சுற்றி கொஞ்சம் சதையையும் மட்டும் எடுத்து, பிறகு கதிர்வீச்சு கொடுத்தே பலரை காப்பாற்ற முடிகிறது. மார்பு போகும் என்று பயந்து தள்ளிப்போடுகிறவர்களுக்குத்தான் கடைசியில் முழுதாக எடுக்க வேண்டி வருகிறது. கீமோ ஊசியில் கொட்டும் முடி, சிகிச்சை முடிந்த சில மாதங்களில் திரும்ப முளைத்து விடும். நோய் மார்பகத்தை தாண்டாத நிலையில் கண்டுபிடிக்கப்பட்ட 100 பேரில் 99 பேர் 5 ஆண்டுகளை தாண்டி வாழ்வதாக அமெரிக்க கணக்கு சொல்கிறது. வந்தாலே சாவுதான் என்பது பழைய கதை.

ஆண்களே, நீங்களும் படியுங்கள்

டீக்கடையில் உட்கார்ந்து செல்போனில் இதை பார்க்கும் அண்ணன்மார் "இது பொம்பளைங்க சமாச்சாரம்" என்று தள்ளி விட வேண்டாம். மார்பக புற்றுநோய் ஆண்களுக்கும் வரும். 100 நோயாளிகளில் ஒருவர் வரை ஆண். காம்புக்கு அடியில் கெட்டியாக கட்டி இருந்தால் காட்டி விடுவது நல்லது.

அதை விட முக்கியம், வீட்டில் அம்மாவோ, மனைவியோ, அக்காவோ தயங்கி தயங்கி சொல்லும்போது "ஒண்ணும் இருக்காது, சும்மா இரு" என்று வாயை அடைக்காமல் இருப்பது. புருஷன் கூட வந்தால்தான் ஆஸ்பத்திரிக்கு போவேன் என்று காத்திருக்கும் பெண்கள் நம் பக்கத்தில் நிறைய. ஒரு நாள் கூலி போகுமே என்று இருவரும் கணக்கு பார்க்கிறார்கள். முற்றிய பிறகு போனால் எத்தனை மாத கூலி போகும் என்ற கணக்கை யாரும் போடுவதில்லை.

கையால் பார்ப்பது எப்படி?

மாதவிலக்கு முடிந்து மூன்று, நான்கு நாள் கழித்து பார்க்க வேண்டும். அப்போதுதான் மார்பு இளகி இருக்கும். மாதவிலக்கு நின்றவர்கள் மாதத்தில் ஏதாவது ஒரு தேதியை வைத்து கொள்ளலாம். கண்ணாடி முன் நின்று, கையை இடுப்பில் வைத்தும், தலைக்கு மேல் தூக்கியும் பார்க்க வேண்டும். பிறகு மூன்று விரல்களை சேர்த்து வைத்து, விரலின் அடிப்பக்கத்தால் வட்டமாக அழுத்தி மார்பு முழுவதும், அக்குள் வரை தடவ வேண்டும். விரலால் கிள்ளி பிடித்து பார்க்கக்கூடாது. அப்படி பிடித்தால் எல்லாமே கட்டி மாதிரிதான் தெரியும்.

கட்டி மட்டும்தான் அறிகுறி என்று இல்லை. ஒரு பக்க காம்பு புதிதாக உள்ளே இழுத்து கொள்வது, காம்பில் ரத்தம் கலந்த நீர் வருவது, ஆறாத புண், தோல் ஆரஞ்சு பழ தோல் போல சொரசொரப்பாக மாறுவது, ஒரு இடத்தில் குழி விழுவது, அக்குளில் நெறி கட்டுவது எல்லாமே டாக்டரிடம் காட்ட வேண்டியவை.

ஆனால் நானே பார்த்து கொள்கிறேன், அது போதும் என்று இருந்து விடக்கூடாது. பயிற்சி பெற்றவர் கையால் பார்ப்பது வேறு. மும்பையில் டாடா நினைவு ஆஸ்பத்திரி 1998-ல் ஒரு பெரிய ஆய்வை தொடங்கியது. குடிசை பகுதிகளில் வாழும் 35 முதல் 64 வயது வரையிலான சுமார் 1½ லட்சம் பெண்கள் அதில் இருந்தனர். அவர்களில் ஒரு பகுதியினரை டாக்டர்கள் அல்ல, பயிற்சி பெற்ற பெண் சுகாதார பணியாளர்கள் 2 ஆண்டுக்கு ஒரு முறை கையாலேயே பரிசோதித்தனர். மெஷின் கிடையாது. 20 ஆண்டு முடிவு 2021-ல் வெளியானது. பரிசோதிக்கப்பட்டவர்களுக்கு நோய் சீக்கிரமே தெரிந்தது. 50 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் இந்த நோயால் ஏற்படும் சாவு சுமார் 30 சதவீதம் குறைந்தது! 50 வயதுக்கு கீழ் சாவு குறைந்ததாக நிரூபணம் ஆகவில்லை.

தமிழக அரசும் 2023 நவம்பரில் வீடு வீடாக அழைப்பு கொடுத்து புற்றுநோய் பரிசோதனை செய்யும் திட்டத்தை முதலில் 4 மாவட்டங்களில் தொடங்கியது. அதில் நம் ஈரோடும் ஒன்று. 30 வயது தாண்டிய பெண்களுக்கு மார்பகம், கர்ப்பப்பை வாய் இரண்டும் பார்க்கப்பட்டன. சுகாதார ஊழியர் வீட்டுக்கு வந்து சீட்டு கொடுக்கும்போது "எனக்கு ஒண்ணும் இல்லீங்க, வேற வீட்டுக்கு போங்க" என்று திருப்பி அனுப்பாதீர்கள். ஆம்பளை டாக்டர் பார்ப்பாரோ என்ற கூச்சம் இருந்தால், பெண் டாக்டரோ நர்சோ பார்க்க வேண்டும் என்று முதலிலேயே கேட்டு கொள்ளலாம். தப்பே இல்லை.

மார்பை எக்ஸ்ரே எடுக்கும் மேமோகிராம் பற்றியும் ஒரு வார்த்தை. அதில் வரும் கதிர்வீச்சு மிகவும் குறைவு. பயப்பட தேவை இல்லை. 40 வயதுக்கு கீழ் இருப்பவர்களுக்கு பெரும்பாலும் அல்ட்ரா சவுண்ட் ஸ்கேன்தான் முதலில் எடுப்பார்கள். இளம் வயதில் மார்பு சதை அடர்த்தியாக இருப்பதால் எக்ஸ்ரேயில் கட்டி மறைந்து விடலாம். படத்தில் ஒன்றும் இல்லை என்று வந்தாலும், கையில் கட்டி தட்டுப்பட்டால் டாக்டரை விடக்கூடாது.

கட்டி இருப்பதாக சந்தேகம் வந்தால் முதலில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு போகலாம். அங்கிருந்து மேமோகிராம், பயாப்சி வசதி உள்ள அரசு ஆஸ்பத்திரிக்கு எழுதி கொடுப்பார்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104-க்கு போன் செய்து கேட்கலாம். முதல்-அமைச்சர் காப்பீட்டு திட்ட அட்டை இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை சிகிச்சைக்கு கிடைக்கும். ஆபரேஷன், கீமோ, கதிர்வீச்சு மூன்றும் இதில் வரும். அட்டை இல்லாதவர்கள் ரேஷன் கார்டு, ஆதார், வருமான சான்றிதழோடு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு திட்ட மையத்தில் விண்ணப்பிக்கலாம். பழைய ஸ்கேன், ரிப்போர்ட் சீட்டு எதையும் கிழித்து போடாமல் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு முதல் நாளே கொண்டு போனால், இன்னொரு நாள் அலைச்சலும் அந்த நாள் கூலியும் மிச்சம்.